'பிரஸ்டீஜியஸ்' விருதுக்கு என்ன அடைமொழி?

நண்பர்களுக்கு வணக்கம்.

'பிரஸ்டீஜியஸ்' (prestigious) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'புகழ்பெற்ற' போதும் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. புகழ்பெற்ற திருடனும் உண்டே! 'மதிப்பிற்குரிய' கடிதத்தில் ஆளை விளிக்கப் பழகிவிட்ட சொல். 'மாண்புமிகு' அமைச்சர்களோடு போய்விட்டது. 'மாண்புமிகு விருது' என்றால் விருதே சைரன் வைத்த காரில் வருவதுபோல இருக்கிறது. 'மதிப்புமிக்க' கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் மதிப்புமிக்க நகை என்றால் விலையைத்தானே நினைக்கிறோம்? விருதில் பெரியது பெயரா பணமுடிப்பா என்ற குழப்பம் வரும்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் அவ்வளவு யோக்கியமானதல்ல. லத்தீனில் அதன் வேர் கண்கட்டு வித்தையைக் குறித்தது. ஆங்கிலத்திலும் முதலில் ஏமாற்று என்ற பொருள்தான், மரியாதை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 'ரொம்பப் பிரஸ்டீஜ் பார்க்கிறான்' என்று நாம் சொல்லும்போது அந்தப் பழைய வாடை லேசாக அடிக்கத்தான் செய்கிறது.

என் பரிந்துரை 'விழுமிய'. 'விழுமம் சீர்மையும் சிறப்பும் இடும்பையும்' என்கிறது தொல்காப்பியத்தில் சொற்பொருள் சொல்லும் உரியியல் (இடும்பை என்றால் துன்பம்; அதற்குப் பிறகு வருகிறேன்). பள்ளியில் எல்லோரும் படித்த 'கேடில் விழுச்செல்வம் கல்வி' (குறள் 400) இந்தச் சொல்தான். 'ஒழுக்கம் விழுப்பம் தரலான்' (131) என்பதிலும் இதுவே. சிறப்பு, மேன்மை, பிறர் அதை ஒப்புக்கொள்வது மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. 'விழுமிய விருது', 'விழுமிய பல்கலைக்கழகம்' என்று எழுதிப் பாருங்கள்.

'விழு என்றதும் கீழே விழுவதுதானே நினைவுக்கு வரும்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் நடுவில் வரும் ஒற்றெழுத்தைக் கவனியுங்கள். வினைத்தொகையில், அதாவது காலம் காட்டாத வினை பெயரோடு சேரும்போது, வலி மிகாது; நடுவில் க், ச், த், ப் வராது. ஊறுகாய், சுடுகாடு என்றுதான் எழுதுகிறோம். விழுப்புண் (குறள் 776), விழுச்செல்வம் என்று ஒற்று மிகுந்து வருவதே அது வினை இல்லை என்று சொல்லிவிடுகிறது. அதோடு 'விழுந்த விருது' வேறு, 'விழுமிய விருது' வேறு; யாரும் குழம்பமாட்டார்கள்.

இடும்பை என்ற பொருள்தான் கொஞ்சம் உறுத்துகிறது. 'விழுமம் துடைத்தவர் நட்பு' (107) என்பதில் விழுமம் துன்பம். அதனால் பெயர்ச்சொல்லுக்கு 'விழுமம்' வேண்டாம், 'விழுப்பம்' என்றே வைப்போம். 'விழுமியம்' அறநெறி மதிப்பீட்டுக்கு ஏற்கெனவே புழங்குகிறது, அதைத் தொடவேண்டாம்.

அப்புறம் ஒன்று: ஆட்களுக்கு இந்த அடைமொழி பொருந்துமா? 'விழுமிய பேராசிரியர்' என் காதில் சரியாக விழவில்லை. அங்கே 'பெருமதிப்பிற்குரிய' இருந்துவிட்டுப் போகட்டும். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.