கல்லாவில் பணம் குறைகிறது, இரண்டு பேருக்கும் சண்டை

கேள்வி: மளிகைக் கடை. ஒரே கல்லாவில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். ராத்திரி கணக்கு முடிக்கும்போது 200, 300 குறைந்தால் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். இப்போது பேச்சே இல்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: சமாதானம் பேசும் முன் கல்லாவைப் பிரியுங்கள். ஆளுக்கு ஒரு பணப்பெட்டி, தொடக்கச் சில்லறை 2000, பில் போடத் தனித்தனி பாஸ்வேர்டு. ஷிஃப்ட் மாறும்போது இருவரும் நின்று எண்ணி நோட்டில் கையெழுத்து. எண்ணாமல் சாவி கைமாறவே கூடாது.

பதில் 2: ஜிபேயில் வந்ததை ரொக்கம் என்று பில் போட்டாலும் கல்லா குறையும். பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடுங்கள். பால்காரருக்கு எடுத்துக் கொடுத்ததற்குச் சீட்டு இருக்கிறதா?

பதில் 3: தயவுசெய்து இருவர் சம்பளத்திலும் பாதிப் பாதி பிடிக்காதீர்கள், தப்பே செய்யாதவருக்கு அது அவமானம். தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். வாடிக்கையாளர் முன்னால் வேண்டவே வேண்டாம்.