சிவப்பு அடுக்குப் பியோனி: மொட்டெல்லாம் கருகுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தோட்டத்தில் 'கார்ல் ரோசன்ஃபீல்ட்' வகைப் பியோனிப் பூச்செடி ஒன்று இருக்கிறது. இலையெல்லாம் நல்ல செழிப்பு. ஆனால் மொட்டுகள் பட்டாணி அளவு வந்ததுமே பழுப்பாகிக் காய்ந்துவிடுகின்றன. மண்ணை விலக்கிப் பார்த்தேன், கிழங்கின் முளைக்கண்கள் 5 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கின்றன, அதனால் ஆழமாக நட்ட குறையும் இல்லை. வெயிலுக்கும் குறையில்லை. மொட்டில் எறும்பு ஊர்கிறது, அதனால் கெடுதல் இல்லை என்று தெரியும்.

சாம்பல் பூஞ்சணம் கண்ணில் படவில்லை. மொட்டைக் கருக்கும் பொட்ரைடிஸ் என்ற பூஞ்சை நோய், அந்தப் பூஞ்சணம் வெளியே தெரியாமலும் வருமா? மொட்டு விடும் நேரத்தில் பிந்தி வந்த உறைபனி காரணமாக இருக்குமா, இல்லை மண்ணில் பொட்டாஷ் சத்துக் குறைவா? இலையுதிர் காலத்தில் தண்டுகளைத் தரையோடு வெட்டி அகற்றினால் போதுமா, மருந்தும் அடிக்க வேண்டுமா?

அப்புறம், அடுக்குப் பூ கனம் தாங்காமல் சாயுமே, வளையத் தாங்கியை எப்போது வைக்கிறீர்கள்? அந்த அடர் சிவப்பைப் பார்க்க ரொம்ப ஆசை. வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.