"இன்னைக்கும் அதே கதையா?"

நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். "இன்னைக்கும் அதே கரடிக் கதையா?" என்று பெற்றோர் சிலர் வாசலிலேயே கேட்பார்கள். குழந்தைகள் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு குட்டிப் பெண், இரண்டரை வயதிருக்கும். வந்த புதிதில் அம்மா மடியை விட்டு இறங்கவே மாட்டாள். நானும் வாராவாரம் அதே வரவேற்புப் பாட்டு, கரடி கதவைத் தட்டும் அதே கதை. முதலில் அவள் கால் விரல் மட்டும் தாளத்துக்கு அசைந்தது. அப்புறம் உதடு. ஒருநாள் பக்கத்தைத் திருப்பும் முன் வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினேன். "டொக் டொக்!" என்று கத்தினாள் பாருங்கள், அம்மாவே திடுக்கிட்டுப் போனார். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் கூச்சக்காரக் குழந்தைக்கு வாய் திறக்கும். புதுக் கதையில் அதற்கு ஏது வழி?

2011-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே கதையைத் திரும்பக் கேட்பது சொல் கற்க உதவுமா என்று சோதித்தே பார்த்தார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் எல்லோரும் புதுச்சொற்களைச் சம அளவில்தான் கேட்டார்கள். ஆனால் ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்குத்தான் அந்தச் சொற்கள் நன்றாகப் பதிந்தன.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

பதில் 1

என் மகன் நூலகத்தில் வாயே திறக்க மாட்டான். வீட்டுக்கு வந்ததும் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, கதைசொல்லியின் இருமல் உட்பட எல்லாவற்றையும் அப்படியே நடத்திக் காட்டுவான்.

பதில் 2

நானும் நூலகர்தான். அமெரிக்க நூலகர் பெட்சி டயமன்ட்-கோஹன் உருவாக்கிய 'மதர் கூஸ் ஆன் தி லூஸ்' என்ற சின்னக் குழந்தைகளுக்கான நூலக நிகழ்ச்சியில் 80 சதவீதம் வாராவாரம் மாறாமல் வரும். ஏறக்குறைய அதே கணக்கில்தான் நானும் ஓட்டுகிறேன். புதுசு புதுசாக யோசித்து மண்டை காய வேண்டியதில்லை.

மாற்றுகிற கொஞ்சத்தையும் சக நூலகர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். "பெட்டிக்குள் யார்?" பாட்டு அப்படி வந்ததுதான். பாட்டு அதே, பொம்மை மட்டும் மாறும். என்னிடமிருந்து அதைக் கொண்டுபோன ஒருவர் இப்போது எண்கள் சொல்லித்தரப் பயன்படுத்துகிறார். இதில் என்ன காப்பி, என்ன சொந்தம்? வீடு மாறி அவருடைய நூலகத்துக்குப் போன ஒரு குழந்தை, பழக்கமான அந்தப் பாட்டைக் கேட்டதும் அழுகையை நிறுத்தி முன்வரிசைக்கு வந்துவிட்டதாம்.

பதில் 3

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் இது அப்படியே எடுபடாது, "தெரியும், தெரியும்" என்று எழுந்துவிடுவார்கள். அதனால் நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். "யானை மெதுவாகப் பறந்து வந்தது." அவ்வளவுதான், திருத்த ஆளாளுக்குக் கை தூக்குவார்கள். கதை நன்றாகப் பதிந்திருந்தால்தான் இந்த விளையாட்டு செல்லும். அதனால் முதல் வாரத்தில் முயல வேண்டாம், நான் சொன்ன தப்பையே சரி என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.