ஜன்னலோரம் அம்மா: பின்சுவர் மறைய மாட்டேன் என்கிறது

கேள்வி: ஜன்னல் வெளிச்சத்தில் அம்மாவைப் போட்டோ எடுக்கிறேன். பாதி முகம் இருட்டில் கரைய வேண்டும். ஆனால் பின்னால் வெள்ளைச் சுவர், காலண்டர் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. 50 எம்எம் லென்ஸ், எஃப்/2 (லென்ஸ் துளை அகலமாகத் திறந்த நிலை), கேமரா ஆட்டோவில். எங்கே தப்பு?

பதில் 1: ஆட்டோவில் கேமரா இருட்டைக் கண்டு பதறி வெளிச்சத்தை ஏற்றிவிடும். ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து, வெளிச்சம் விழும் கன்னத்தை அளவிடுங்கள். அம்மா ஜன்னலை ஒட்டியும் சுவரைவிட்டுத் தள்ளியும் உட்காரட்டும்.

பதில் 2: வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் நிழலைக் கெடுக்கும். பாட்டியை எடுத்தபோது நிழல் பக்கம் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டேன். அந்தப் பக்க மூக்குத்தி மட்டும் மின்னியது. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றாதீர்கள், கறுப்பில் புள்ளி தட்டும்.

கேட்டவர்: போர்வை வேலை செய்தது! அம்மாதான், "ஏன்டா, கரண்ட் போயிடுச்சா?" என்கிறார்.