மறு: ‘ரேஞ்ச் அட்வான்டேஜ்’ – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். போக்கர் சீட்டாட்டத்தில் வரும் ‘ரேஞ்ச் அட்வான்டேஜ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி வந்த மடல்களுக்கு என் பதில் இது.

> ‘வீச்சு அனுகூலம்’ போதுமே. ரேஞ்ச் என்றால் வீச்சுதானே?

வீச்சு வேண்டாம் ஐயா. பள்ளிப் புள்ளியியலில் மிகப்பெரிய எண்ணிலிருந்து மிகச்சிறியதைக் கழித்தால் வருவது வீச்சு. இயற்பியலில் அலைக்கும் அதே பெயர். போக்கரில் பொருளே வேறு. ஒருவர் இதுவரை ஆடிய விதத்தைப் பார்த்து, அவர் கையில் என்னென்ன இருக்கக்கூடும் என்று நாம் கட்டி வைத்திருக்கும் மொத்தப் பட்டியல்தான் அங்கே ரேஞ்ச். டெக்சஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையில் ஒருவருக்கு வரக்கூடிய இரண்டு சீட்டுக் கைகள் 1326. ஆட்டம் நகர நகர அந்தக் கூட்டம் குறைந்துகொண்டே வரும். அதனால் ‘கைத்திரள்’ என்கிறேன்.

> கைவரிசை என்று வைக்கலாமே!

படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். எழுத்துக்கு எழுத்து பொருத்தம்தான். ஆனால் ‘மர்ம நபர்கள் கைவரிசை’ என்று நாளிதழில் படித்தே வளர்ந்தவர்கள் நாம். மேசையில் ஒருவர் ‘என் கைவரிசை பெரிது’ என்றால் பக்கத்திலிருப்பவர் பர்ஸைத் தொட்டுப் பார்ப்பார்.

இனி ‘அட்வான்டேஜ்’. அனுகூலம், சாதகம், மேன்மை மூன்றும் வந்துவிட்டன. மூன்றுமே தனியாக ஒருவரிடம் இருக்கக்கூடியவை. இங்கே எப்போதும் இருவர் வேண்டும். ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்கியாக வேண்டும். தமிழில் அதற்கென்றே ‘அவர் கை ஓங்கியிருக்கிறது’ என்ற வழக்கு இருக்கிறது. சீட்டாட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது. ஒரே சிக்கல்: இங்கே ஓங்கியிருப்பது கை அல்ல, கைத்திரள். ஆகவே ‘திரளோங்கல்’.

ஏன் இந்த வேறுபாட்டில் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். முதல் இடத்தில் இருப்பவர் தொகையை ஏற்றுகிறார். பிக் பிளைண்டில் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயத் தொகை வைக்கும் இடம்) இருப்பவர் ஈடுகட்டி உள்ளே வருகிறார். மேசையில் இருவருக்கும் பொதுவாகத் திறந்த சீட்டுகள் ராஜா, 7, 2, மூன்றும் மூன்று ஜாதி. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்-ராஜா ஆகியவை பிக் பிளைண்டில் இருந்திருந்தால் அவர் பெரும்பாலும் முன்பே திருப்பி ஏற்றியிருப்பார். ஏற்றியவரிடம் அவை அப்படியே இருக்கின்றன: ஒரு ராஜா மேசைக்குப் போய்விட்டதால் ராஜா ஜோடி 3 வகை, ஏஸ்-ராஜா 12, ஏஸ் ஜோடி 6. ஆக 21 கைகள் ஒரு பக்கம் மட்டும். இதுதான் திரளோங்கல்.

இப்போது ஏற்றியவர் கையில் உண்மையில் இருப்பது 9 ஜோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கையும் அல்ல, தூக்கிப் போடும் கையும் அல்ல. நடுவில் இதுவரை சேர்ந்த பந்தயப் பணம் 30 கிடக்கிறது. அவர் 10 வைக்கலாம். எதிராளி நான்கில் ஒரு முறை சீட்டைக் கவிழ்த்து விலகினாலே அந்த 10 வீணில்லை. ராணி-ஜாக்கி வைத்திருப்பவர் கவிழ்த்துவிட்டால் இன்னும் நல்லது. விட்டு வைத்தால் மேசையில் இனி திறக்க மிச்சமிருக்கும் இரண்டு சீட்டில் அவருக்கு ராணியோ ஜாக்கியோ விழ கிட்டத்தட்ட நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தச் சிறு பந்தயத்தை எதிராளி மதிப்பது 9 ஜோடியைப் பார்த்து அல்ல, அவர் அதைப் பார்க்கவே இல்லை. பின்னால் நிற்கும் 21 கைகளைப் பார்த்துத்தான். அதே கையை வைத்துக்கொண்டு 30 வைத்தால் கதை மாறும்: 9-ஐவிடச் சின்னதெல்லாம் பெரும்பாலும் ஓடிவிடும், ராஜா வைத்திருப்பவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். நான் கற்றுக்கொண்ட காலத்தில் திரும்பத் திரும்பச் செய்த தவறு இது. ‘கை ஓங்கல்’ என்று பெயர் வைத்தால் புதிதாகப் படிப்பவரும் இதைத்தான் செய்வார்.

> நடுத்தர வலிமைக் கை = இடைக்கை?

வேகமாகப் படித்தால் இடக்கை. ‘நடுக்கை’ என்றால் நடுக்கம் காதில் விழுகிறது (சில நேரம் அதுவும் உண்மைதான்). ஆடுகிறவர்கள் ‘சுமாரான கை’ என்கிறார்கள். ‘சுமார்’ பாரசீகத்திலிருந்து வந்தது என்று மடல் வரும், தெரியும். வந்து பல தலைமுறை ஆகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

> மிக உயர்ந்த கைகள் யாரிடம் அதிகம் என்பதற்கும் திரளோங்கல்தானா?

இல்லை, அதற்குத் தனிச்சொல் வேண்டும். மேசையில் 7-6-5 என்றால், ஏஸ் ஜோடி, ராஜா ஜோடியை வைத்துச் சராசரியில் ஏற்றியவரே இன்னும் முந்தியிருக்கலாம். ஆனால் தொடர் வரிசை சேரும் 9-8, 4-3, இரட்டை ஜோடியாகும் 7-6 எல்லாம் மற்றவரிடம்தான் மிகுதி. அங்கே 10 ஜோடியை வைத்துக்கொண்டு நம்மவர் பல நேரம் ‘செக்’ சொல்லி, அதாவது பணம் வைக்காமல், ஒதுங்குவதே நல்லது. ‘உச்சக்கை ஓங்கல்’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன்.

> சூதாட்டத்துக்கு எதற்குக் கலைச்சொல்?

இது சூதாட்டக்காரர்களுக்கு மட்டுமான சொல் அல்ல. 2017 ஜனவரியில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் ஆடி வென்றது. எதிராளியின் சீட்டு தெரியாமல் முடிவெடுக்கும் கணக்கு அது. ஆட்டக் கோட்பாட்டைத் தமிழில் எழுத உட்காரும் மாணவருக்கு இந்தச் சொற்கள் தேவைப்படும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

- - -

> ஆகவே ‘திரளோங்கல்’.

அண்ணே, கைத்திரள் எனக்குச் சம்மதம். ஆனால் எங்கள் கடற்கரைப் பக்கம் ஓங்கல் என்றால் டால்பின். திரளோங்கல் என்றதும் கூட்டமாகத் துள்ளிப் போவதுதான் கண்ணில் வருகிறது.

- - -

தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. ‘திரளோங்குகை’ என்று மாற்றினால் வாய்க்குள் நுழைகிறதா என்று நாலு பேர் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை பட்டியலில் டால்பினே இருக்கட்டும்.