அந்த 8 ஹெர்ட்ஸ் மேட்டைப் பிடித்த ராத்திரி: உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர்:
பூமியைச் சுற்றி ஓடும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலைகளைச் சொந்தமாகப் பிடித்தவர்கள் எழுதுங்கள். முதலில் என் கதை.

ஃபெரைட் தண்டில் மெல்லிய செப்புக்கம்பியைப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றிச் சுருள் செய்தேன். மின்கம்பி எதுவும் இல்லாத வெளியாகத் தேடிப் போனேன். வீட்டருகே 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். எந்த அதிர்வெண்ணில் அலை எவ்வளவு பலம் என்று காட்டும் திரையில் முதல் ராத்திரியே பெரிய பெரிய மேடுகள். கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். காற்று நின்றதும் மேடுகளும் நின்றன. சுருள் காற்றில் லேசாக ஆடியிருக்கிறது. புவிக்காந்தப் புலத்துக்குள் அந்த ஆட்டமே மின்னழுத்தமாகியிருக்கிறது. நாம் தேடுவதோ ஒரு பைகோடெஸ்லா அளவு. புவிக்காந்தத்தில் ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒரு பங்கு! மயிரிழை அசைந்தாலும் போச்சு.

மறுநாள் குழி தோண்டிச் சுருளைப் புதைத்து, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு ஐம்பதடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். நடந்தால் அதிரும் என்று எழுந்திருக்கவே இல்லை. ஒரு மணி நேரப் பதிவைச் சராசரி எடுத்ததும், 8 ஹெர்ட்ஸுக்குச் சற்று முன்னால் அகலமாக ஒரு முதுகு எழுந்தது. அடுத்தது 14 பக்கம், அப்புறம் 20, 21 பக்கம். கண் கலங்கிவிட்டது.

உலகெங்கும் நொடிக்கு 40, 50 மின்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது. மின்னல் எழுப்பும் ரேடியோ அலை மேலே தப்பிவிடாமல் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் அயனிமண்டலத்தின் (மின்னூட்டத் துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலம்) அடிப்பாகம் கூரை போலத் தடுக்கிறது. தரைக்கும் கூரைக்கும் நடுவே உலகைச் சுற்றி வந்து தன்னோடு தானே சேர்ந்துகொள்கிறது. 1952-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஷூமான் கணக்கிட்டுச் சொன்னது இதைத்தான். தரையும் கூரையும் இழப்பே இல்லாத கடத்திகளாக இருந்தால் முதல் ஒத்ததிர்வு 10.6 ஹெர்ட்ஸில் வரவேண்டும். அயனிமண்டலம் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் அது 7.8 பக்கம் இறங்கிவிடுகிறது, முனையும் மழுங்குகிறது. ஆக எல்லோரும் சொல்லும் 7.83 ஹெர்ட்ஸ் ஊசிமுனை எண் அல்ல, சராசரி. இதே எண்ணைப் போட்டு ஒலிக்கோப்பு விற்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. இது ஒலியே இல்லை, மின்காந்த அலை.

மறுமொழி 1:
அண்ணா, காற்று என்னையும் ஏமாற்றியிருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது ட்வீக்தான், அதாவது இன்னும் மேலே, கிலோஹெர்ட்ஸில் வரும் மின்னல் அலையை ஒலியாக மாற்றினால் கேட்கும் ஒரு சத்தம். நீளமாக ஒரு கம்பி, சின்ன ஆம்ப்ளிஃபயர், ஹெட்ஃபோன், அவ்வளவுதான். பகலில் சுள்ளி எரிவது மாதிரி சடசடப்பு மட்டும். இருட்டியதும் அதன் நடுவே 'ட்யூங்... ட்யூங்' என்று இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டுகிற சத்தம். தூரத்து மின்னலின் அலை கூரைக்கும் தரைக்கும் மாறி மாறி மோதி வரும்போது மேல் அதிர்வெண்கள் முந்தி வந்துவிடுகின்றன, 1,700 ஹெர்ட்ஸை ஒட்டியவை பின்தங்குகின்றன. அதனால் சுருதி சரிந்துவந்து 1,700 பக்கம் தொங்கிக் கரைகிறது.

ஏன் 1,700? மோதி மோதி வரும் அலைக்கு, அந்த இடைவெளியில் பாதி அலைநீளமாவது அடங்கவேண்டும். 3,00,000-ஐ 1,700-ஆல் வகுத்தால் 176 கிலோமீட்டர், பாதி 88. அயனிமண்டலத்தின் உயரத்தைக் காதால் அளந்துவிட்டேன்! அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

உங்கள் 8 ஹெர்ட்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மின்புலம் தரைக்கும் கூரைக்கும் நடுவே செங்குத்தாக நின்றபடி பக்கவாட்டில் நகரும் வகை அது. அதற்குக் கீழ்வரம்பே இல்லை. அதனால்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீள அலை இந்த இடுக்கில் நுழைந்து ஓடுகிறது.

மறுமொழி 2:
82 ஹெர்ட்ஸில் மெல்லிய கோடு யாருக்காவது வந்ததா? எனக்கு மூன்று ராத்திரி வந்தது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலுள்ள ஸெவ்ஸ் நிலையம் அது, நீர்மூழ்கிகளுக்கானது. இந்த அலை கடல்நீருக்குள்ளும் இறங்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவுதான் தேய்மானம். மின்னல் தருவது அகலமான மேடு, மனிதன் தருவது கத்தி மாதிரி கோடு, பார்த்ததுமே தெரியும். அமெரிக்கா விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் 76 ஹெர்ட்ஸில் நடத்திய இதே மாதிரி நிலையங்களை 2004-ல் நிறுத்திவிட்டது.

திரியைத் தொடங்கியவர்:
தம்பி, 88 கணக்கைப் படித்துவிட்டு இப்போதே கம்பி கட்டப் போகிறேன். பகல் வந்தால் கூரை தாழ்ந்து உறிஞ்சலும் கூடுமே, விடியலில் கடைசி ட்வீக் எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்து வைத்திருக்கிறாயா? நாள்வாரியாக இருந்தால் அப்படியே போடு.