மைனர் பசங்க பங்கு இருக்கிற பிளாட்டை விக்க கோர்ட்ல மனு போட்டேன், ரிட்டர்ன் ஆகிகினே கீது, வழி சொல்லுங்க

குடியாத்தத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா காட்பாடில இருக்காங்க, மாமா தவறி ஒன்றரை வருஷம் ஆச்சு. பள்ளிகொண்டா பக்கம் மாமா சொந்த சம்பாத்தியத்துல அவர் பேர்லயே வாங்குன பிளாட் ஒண்ணு கீது, உயில் எதுவும் எழுதல. பொண்ணுக்கு 15, பையனுக்கு 9. மாமா ஆஸ்பத்திரி செலவுக்கு வாங்குன கடன் வட்டி ஏறிகினே போவுது, அதான் 12 லட்சத்துக்கு பார்ட்டி பேசி முடிச்சோம். பத்திரம் எழுதுறவரு அம்மாவே கார்டியனா கையெழுத்து போட்டா போதும், தினம் இப்படித்தான் போவுதுன்னாரு, ஆனா வாங்குறவருக்கு லோன் குடுக்கிற பேங்க்ல கோர்ட் ஆர்டர் இல்லாம நடக்காதுன்னுட்டாங்க. மாமாவோட தம்பி வேற புரொபேட் வாங்கணும்னு குழப்பறாரு.

வக்கீல் கேட்ட ஃபீஸுக்கு அக்கா தோட்டைத்தான் விக்கணும். அதனால நெட்ல ஒரு மாடல் மனு எடுத்து, டைப்பிங் கடைல பேரை மாத்தி, தாயாரை கார்டியனா நியமிக்கணும்னு போட்டோம். ரெண்டு தடவை ரிட்டர்ன். பின்னாடி சிவப்பு இங்க்ல "ஹவ் மெயின்டெய்னபிள்?"னு ஒரு வரி, கீழ நெருங்கிய உறவினர் விவரம் இல்லன்னு இன்னொரு வரி, அவ்ளோதான். இன்னா அர்த்தம் இதுக்கு? அக்காக்கு பதிலா நானே போய் பேசலாமா?

பஸ்ஸ்டாண்டு_வாசி:
வாரிசு சர்டிபிகேட் இருந்தா போதும் ப்ரோ, எங்க சித்தப்பா வீட்ல அப்படித்தான் வித்தோம், ஒரு பிரச்னையும் வரல.

ரிட்டையர்டு_கிளார்க்:
மேல சொன்னவரு வீட்ல பிரச்னை இன்னும் வரலன்னு சொல்லுங்க. அப்பா இல்லன்னா அம்மாதான் இயற்கை கார்டியன், ஆனா மைனரோட அசையா சொத்தை கோர்ட் பர்மிஷன் இல்லாம அவங்களாலயும் விக்க முடியாது, 1956 இந்து மைனாரிட்டி அண்ட் கார்டியன்ஷிப் ஆக்ட் பிரிவு 8 அது. மீறி வித்தா ரிஜிஸ்டர் ஆயிடும், பத்திரமும் கைக்கு வரும், ஆனா அந்த பிள்ளைங்க 18 ஆனதுக்கப்புறம் 3 வருஷத்துக்குள்ள விற்பனை செல்லாதுன்னு கேஸ் போடலாம். உங்க பையனுக்கு 9 வயசு, அப்ப 12 வருஷம் வாங்குனவன் தூங்க முடியாது. பேங்க் பயப்படுறது நியாயம்தான்.

தம்பி உங்க மனுல தப்பு இதான். ஏற்கனவே கார்டியனா இருக்கிற அம்மாவை கார்டியன் ஆக்குங்கன்னு கேட்டா, இந்த மனு எப்படி நிக்கும்னுதான் கேப்பாங்க. நியமனம் கேக்காதீங்க, பிரிவு 8(2) படி விக்க பர்மிஷன் கேளுங்க. போட வேண்டிய இடம் மாவட்ட கோர்ட், பிள்ளை யார்கிட்ட வளரணும்ங்கிற கேஸ்தான் ஃபேமிலி கோர்ட்டு. புரொபேட்ங்கிறது உயிலை நிரூபிக்கிறது, உயிலே இல்லாதப்ப எதை நிரூபிக்கிறது, அவரை விடுங்க.

ஒண்ணு கேக்கறேன், மாமாவோட அம்மா உயிரோட இருக்காங்களா?

குடியாத்தத்தான்:
இருக்காங்க சார், அரக்கோணத்துல சின்ன பையன் வீட்ல. பேச்சுவார்த்தை இல்ல, அதான் மனுல அவங்க பேரை போடல.

ரிட்டையர்டு_கிளார்க்:
நெனச்சேன். இந்து ஆம்பள உயில் இல்லாம போனா பொண்டாட்டி, பிள்ளைங்க, அம்மா எல்லாரும் முதல் வகுப்பு வாரிசு, சரிபங்கு. உங்க கணக்குல நாலு பங்கு. 12 லட்சம்னா அக்காக்கு 3, மாமியாருக்கு 3, பசங்களுக்கு 3ம் 3ம். பேசுறாங்களோ இல்லையோ கிரயத்துல அந்தம்மா கையெழுத்து இல்லாம முழு பிளாட்டும் போகாது, இல்லன்னா தன் பங்கை விட்டுக்குடுத்து விடுதலை பத்திரம் எழுதி தரணும். மனுலயும் அவங்களை எதிர்மனுதாரரா காட்டுங்க, உறவினர் விவரம்னு கேட்டது அதைத்தான்.

இன்னொண்ணு, மனசுல வாங்கிக்கங்க. கோர்ட் பாக்கறது அக்கா கடனை இல்ல, பசங்களுக்கு அவசியமா, நல்லதான்னு மட்டும்தான். பர்மிஷன் குடுத்தாலும் பசங்க பங்கு 6 லட்சத்தை தேசிய வங்கில 18 வயசு வரைக்கும் டெபாசிட் போடுன்னு சொல்றதுதான் வழக்கம், வட்டியை மட்டும் செலவுக்கு எடுக்கலாம்னு கேட்டுப் பாக்கலாம். கடன் மாமா வைத்தியத்துக்குன்னா ஆஸ்பத்திரி பில்லு, கடன் சீட்டு எல்லாத்தையும் சேருங்க, அது இல்லாம வாயால சொன்னா நிக்காது. வழிகாட்டி மதிப்பு, வில்லங்கம், வாரிசு சான்று, இறப்பு சான்று, பசங்க பிறப்பு சான்று, ஸ்கூல் ஃபீஸ் ரசீது, இதெல்லாம் கூட. அட்வான்ஸ் வாங்கியிருந்தா அக்ரிமென்ட்ல கோர்ட் அனுமதிக்கு உட்பட்டதுன்னு ஒரு வரி இருக்கணும்.

நீங்க போய் பேச முடியாது. பார்ட்டி இன் பெர்சன்னா, அதாவது வக்கீல் இல்லாம தானே நேர்ல வாதாடுறதுன்னா, பார்ட்டிதான் வரணும், அது அக்கா.

காகிதப்பட்டறை_டீ:
வக்கீல் இல்லாமதான் பண்ணணும்னு வைராக்கியமா, காசு இல்லன்னா? காசுன்னா சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கீது, பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமானம் எவ்ளோ இருந்தாலும் ஃப்ரீ வக்கீல், 1987 சட்டத்துலயே இருக்கு. 15100க்கு போன் போட்டாலும் சொல்வாங்க. எங்கம்மா பட்டா கேஸுக்கு அப்படித்தான் ஆள் குடுத்தாங்க. அவரு நாலு வாய்தாக்கு ஒரு வாட்டிதான் நம்மள பாப்பாரு, ஆனா மனு ஒழுங்கா போட்டாரு.

குடியாத்தத்தான்:
அப்டேட். நேத்து அக்காவோட அரக்கோணம் போனேன். கிழவி வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்க, அப்புறம் பேரனை பாத்ததும் உள்ள கூப்ட்டு மோர் குடுத்தாங்க. என் பங்கை பேத்தி பேர்லயே போட்டுடுன்றாங்க, கையெழுத்து கேட்டா மட்டும் சின்னவனை கேக்கணும்ங்கறாங்க. ஃப்ரீ வக்கீலுக்கு திங்கக்கிழம அக்கா எழுதி குடுக்கறாங்க. சார், கோர்ட்டுக்கு பசங்களையும் கூட்டிகினு போகணுமா, பொண்ணுக்கு பரீட்சை நடக்குது.

ரிட்டையர்டு_கிளார்க்:
வேணாம், ஜட்ஜ் கேட்டா அப்ப பாத்துக்கலாம். பாட்டி பங்கு பேத்தி பேருக்கு வந்தா அதுவும் மைனர் சொத்துதான், அதுக்கும் சேர்த்து பர்மிஷன் வேணும். கிரயம் முடியற வரைக்கும் அப்படி எதுவும் எழுத வேணாம்னு சொல்லுங்க.